வெள்ளை முத்திரை அம்மையார்

கடையில் சட்டை வாங்குகிறவர் துணியைக் கசக்கிப் பார்ப்பார். சாயம் போகுமா என்று கேட்பார். தையலை இழுத்துப் பார்ப்பார். கடைசியில் விலையைக் குறைக்கச் சொல்வார். அதைத் தைத்தவருக்கு என்ன வயது, இரவு எத்தனை மணி வரை விழித்திருந்து தைத்தார், என்ன கூலி கிடைத்தது என்று கேட்பது வழக்கமில்லை.

நூறு வருஷங்களுக்கு முன்பே அமெரிக்காவில் ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய், அந்தக் கேள்வியைக் கேட்கும்படி மாணவிகளுக்குக் கற்றுக் கொடுத்தவர் பிளாரன்ஸ் கெல்லி அம்மையார். வெறும் பேச்சாளர் அல்ல அவர். கந்தலும் காய்ச்சலும் நிறைந்த அறைகளுக்குள் புகுந்து பார்த்தவர். சட்டம் படித்தவர். கோர்ட்டில் தோற்று, மறுபடியும் கோர்ட்டுப் படி ஏறியவர். அவருடைய பேச்சைக் கேட்ட ஒரு மாணவி பிற்காலத்தில் அமெரிக்க மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் பெண்மணியானார்.

பருத்தி உடுத்தாத பாட்டி

1859-ம் ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதி பிலடெல்பியா நகரில் கெல்லி பிறந்தார். தந்தை வில்லியம் கெல்லி நீதிபதியாக இருந்தவர்; அடிமை முறையை எதிர்த்தவர்; ஏறத்தாழ முப்பது வருஷ காலம் அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினராக இருந்தவர். வசதியான குடும்பந்தான். ஆனால் அந்த வீட்டில் துக்கத்துக்குக் குறைவில்லை. பிளாரன்ஸின் சகோதரிகள் ஐந்து பேரும் குழந்தைப் பருவத்திலேயே ஒருவர் பின் ஒருவராக இறந்து போனார்கள். தாயின் முகத்தில் சிரிப்பு அபூர்வமாயிற்று. பிளாரன்ஸும் நோஞ்சான் குழந்தை. பள்ளிக்கூடம் போன நாட்களைவிடத் தந்தையின் புத்தக அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்த நாட்களே அதிகம்.

அந்த வீட்டோடு நெருக்கமாக இருந்த பாட்டி முறை உறவினர் ஒருவர் உண்டு. சாரா பியூ என்று பெயர். குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்த அவர் பருத்தித் துணி உடுத்துவதில்லை, சர்க்கரை சாப்பிடுவதில்லை. இரண்டும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை என்பதே காரணம். லினன் என்னும் ஆளி நார்த் துணியையே அவர் உடுத்தினார். ஒரு கிழவி சர்க்கரையை ஒதுக்கினால் அடிமைகள் விடுதலை ஆகிவிடுவார்களா என்று சிறுமி பிளாரன்ஸுக்குச் சந்தேகம். பாட்டிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தம் உடம்பில் பிறர் கண்ணீர் படக்கூடாது என்பது அவருடைய தீர்மானம். அந்தத் தீர்மானமும் அந்தச் சந்தேகமும் பிளாரன்ஸின் மனத்தில் கடைசி வரையில் சேர்ந்தே குடியிருந்தன என்று சொல்லலாம்.

தந்தை பெண்ணுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுத்த முறையும் விசித்திரமானது. இங்கிலாந்துச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் சிறு குழந்தைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை வைத்துப் பாடம் நடத்தினார். தாய்க்கும் பாட்டிக்கும் அது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை.

பன்னிரண்டாவது வயதில் தந்தையோடு இரும்பாலை பார்க்கப் போனாள் சிறுமி. நள்ளிரவு தாண்டிய நேரம். புதுமுறையில் எஃகு காய்ச்சுவதை எல்லாரும் வாய் பிளந்து பார்த்துக் கொண்டிருந்தார்கள். பிளாரன்ஸின் கண்ணில் பட்டது வேறு. தன்னைவிடச் சிறிய பையன்கள் கனமான வாளிகளில் தண்ணீர் சுமந்து தொழிலாளர்களுக்குக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள்! பிறகு ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போனபோதும் அதே காட்சி. கொதிக்கும் உலைக்கு எதிரில், கண்ணாடி ஊதுகிறவரின் காலடியில், பையன்கள் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களுக்குக் கண்ணாடியும் எஃகும் முக்கியம். பையன்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

படிப்பும் கலியாணமும்

1876-ல் கார்னெல் சர்வகலாசாலையில் சேர்ந்தார். நடுவே நோய் வந்து படிப்பு தடைப்பட்டு, 1882-ல் பட்டம் பெற்றார். குழந்தைகளுக்குச் சட்டம் தந்த நிலை எப்படி மாறி வந்தது என்பதே அவர் எடுத்துக் கொண்ட ஆராய்ச்சி. மேற்படிப்புக்குப் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையை அணுகினார். பெண் என்பதால் இடம் இல்லை என்று சொல்லி விட்டார்கள். ஸ்விட்ஸர்லாந்து சென்று, பெண்களுக்குக் கதவு திறந்திருந்த ஜூரிச் சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

அங்கே சோஷலிஸ்டுகளின் சிநேகம் ஏற்பட்டது. இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையைப் பற்றி எங்கெல்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1887-ல் அமெரிக்காவில் அது வெளிவந்தது. ஜூரிச்சிலேயே 1884-ல் லஸாரே விஷ்னவெட்ஸ்கி என்ற ருஷ்ய வைத்திய மாணவரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. குடும்பம் நியூயார்க்குக்கு வந்தது, கடன் வந்தது, கணவரின் அடி உதையும் வந்தது. 1891-ம் ஆண்டுக் கடைசியில், கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷம் பிறப்பதற்குள், மூன்று குழந்தைகளையும் கூட்டிக் கொண்டு சிகாகோவுக்கு ரயில் ஏறினார். போய் இறங்கிய இடம் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் ஏழைகளின் நடுவே நடத்தி வந்த ஹல் ஹவுஸ். குழந்தைகளைக் கேட்டுக் கணவர் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு அவர்களைத் தாயிடமே விட்டது. கெல்லி என்ற பிறந்த வீட்டுப் பெயரைத் திரும்ப வைத்துக் கொண்டார். குழந்தைகளைப் பக்கத்து ஊரில் நண்பர் வீட்டில் விட்டுவிட்டு உழைக்கப் புறப்பட்டார்.

வியர்வை பிழியும் கொட்டடிகள்

அக்காலத்தில் சிகாகோவில் ஆயத்த உடை வியாபாரம் கொழித்தது. பெரிய கம்பெனிகள் துணியை வெட்டி மூட்டையாகக் கட்டிக் காண்டிராக்டரிடம் கொடுத்து விடும். காண்டிராக்டர் அதை ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் வாடகை வீடுகளுக்குள் கொண்டு போவார். சமைக்கிற அறை, படுக்கிற அறை, தைக்கிற அறை எல்லாம் ஒன்றே. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஆண் மெஷின் மிதிப்பான். மனைவி காஜா எடுப்பாள். கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிய குழந்தைகள் ஓட்டுத் தையல் நூலைப் பிடுங்கும். வேலை வந்தால் இரவு பகல் தெரியாது. சீசன் முடிந்தால் அடுப்பு எரியாது. அந்த இடங்களுக்கு ‘ஸ்வெட் ஷாப்’ என்று பெயர். வியர்வையைப் பிழிந்து எடுக்கிற இடம் என்று பொருள் கொள்ளலாம்.

1892-ல் ராஜ்யத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவுக்காகக் கெல்லி இந்தக் கொட்டடிகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார். சட்டசபைக் கமிட்டியார் விசாரணைக்கு வந்தபோது அவர்களையும் அந்த இருட்டு மாடிப்படிகளில் அழைத்துப் போனார். 1893-ல் இல்லினாய் ராஜ்யத்தில் சட்டம் பிறந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது. பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வாடகை வீடுகளில் நடக்கும் தையலுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றது அது. கவர்னர் ஆல்ட்கெல்ட், கெல்லியையே தலைமைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டராக நியமித்தார். முப்பத்து மூன்று வயதுப் பெண்ணின் கீழே பதினொரு உத்தியோகஸ்தர்கள்! அமெரிக்காவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

பதவி சுகமாக இல்லை. மலிவான படச் சட்டங்களுக்குப் பொன்வர்ணம் பூசும் வேலையில் விஷத் திராவகம் பட்டுப் பதினொரு வயதுப் பையன் ஒருவனின் வலது கை முடங்கி விட்டது. வழக்குப் போடும்படி கெல்லி சர்க்கார் வக்கீலின் ஆபீஸுக்குப் போனார். இருக்கிற வழக்குகளே போதும், இதை இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்கிற மாதிரி பதில் கிடைத்தது. கெல்லி திரும்பி வந்தார். சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். பகலில் இன்ஸ்பெக்டர் வேலை, இரவில் சட்டப் படிப்பு. 1895-ல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையில் பட்டம் வாங்கினார்.

1894-ல் சிகாகோவில் பெரியம்மை பரவியது. அம்மை கண்ட குழந்தை ஒரு மூலையில் படுத்திருக்க, அதே அறையில் கடைக்குப் போக வேண்டிய கோட்டுகள் தைக்கப்பட்டன. நகரச் சுகாதார அதிகாரிகள் விஷயத்தை அடக்கி வாசித்தார்கள். கெல்லி தனி அறிக்கையே வெளியிட்டார். ஏழையின் அறையும் பணக்காரரின் உடை அலமாரியும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இரக்கத்தால் திறக்காத சில கதவுகள் பயத்தால் திறந்தன.

ஆனால் 1895-ல் இல்லினாய் சுப்ரீம் கோர்ட்டு எட்டு மணி நேர விதியைச் செல்லாது என்று அடித்து விட்டது. ஒப்பந்தம் செய்து கொள்ளும் சுதந்திரம் பறிபோகிறதாம்! 1897-ல் வேறு கவர்னர் வந்தார். கெல்லியின் உத்தியோகம் போயிற்று. அவர் இடத்துக்கு வந்தவர் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவர். கண்ணாடித் தொழிற்சாலைப் பையன்களுக்காக வாதாடியவர் பிழைப்புக்காக மாலை நேரத்தில் ஒரு புத்தகசாலையில் உட்கார வேண்டியதாயிற்று.

உள்ளாடையில் ஒரு முத்திரை

1899-ல் புது வேலை தேடி வந்தது. பொருள் வாங்குகிறவர்களைச் சேர்த்து அமைத்த தேசிய நுகர்வோர் சங்கத்தின் காரியதரிசிப் பதவி அது. குழந்தைகளோடு நியூயார்க் போனார். இறக்கும் வரையில், முப்பத்திரண்டு வருஷ காலம், அந்தப் பதவியில் இருந்தார்.

சங்கத்தின் யோசனை எளியது. நெய் டப்பாவில் அக்மார்க் முத்திரை பார்த்து வாங்குவதுபோல, உடையிலும் ஒரு முத்திரை பார்த்து வாங்க வேண்டும். பெண்களும் குழந்தைகளும் அணியும் வெள்ளைப் பருத்தி உள்ளாடைகளில் ‘வெள்ளை முத்திரை’ தைக்கப்பட்டது. முத்திரை வேண்டும் என்கிற முதலாளி நான்கு நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். ராஜ்யத்தின் தொழிற்சாலைச் சட்டத்தை அனுசரிக்க வேண்டும். எல்லா வேலையும் அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே நடக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு மூட்டை போகக் கூடாது. ஓவர்டைம் கூடாது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களை வைத்துக் கொள்ளக் கூடாது. கெல்லி அம்மையார் தாமே தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சோதித்தார். கிறிஸ்துமஸ் சாமான்களைக் கடைசி நாள் வரை ஒத்திப் போடாமல் முன்னாலேயே வாங்குங்கள், கடைப் பெண்கள் நள்ளிரவு வரை கால் கடுக்க நிற்பது குறையும் என்றும் சங்கம் பிரசாரம் செய்தது.

முத்திரையைத் தேடி வாங்குகிறவர்கள் இருந்தால்தானே முதலாளி அதற்கு ஆசைப்படுவார்? அதற்காகத்தான் கல்லூரிப் பிரசங்கங்கள் தொடங்கின. பெண்கள் கல்லூரிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள். நாளைக்குக் குடும்பத்துக்குத் துணிமணி வாங்கப் போகிறவர்கள் அவர்களே. ஆசிரியைகளாக, எழுத்தாளர்களாக வரப்போகிறவர்களும் அவர்களே. கெல்லி ரயிலிலேயே வாழ்ந்தார் என்று சொல்ல வேண்டும். கறுப்பு உடை, எடுப்பான குரல். மென்மையாகப் பேசத் தெரியாது. சட்டென்று கோபம் வரும். ஆனால் கையில் கணக்கு இருக்கும். இந்த ஊரில் இத்தனை குழந்தைகள், இந்த ராஜ்யத்தில் இந்தச் சட்டம் இல்லை என்று புள்ளி விவரத்தை அடுக்குவார்.

அவர் பேச்சின் சாரம், வாங்குகிறவருக்கு ஓர் உரிமை உண்டு, ஒரு கடமையும் உண்டு என்பதே. எந்த நிலையில் தைக்கப்பட்டது என்பதைத் துணியைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கண்ணுக்கு அழகான ரவிக்கை கேடு கெட்ட கொட்டடியிலிருந்து வந்திருக்கலாம். ஆகவே தெரிந்து கொள்வது உரிமை; தெரிந்த பிறகு சும்மா இருக்காமை கடமை. அழுது விட்டுப் போகும்படி அவர் மாணவிகளைச் சொல்லவில்லை. சங்கத்தின் கிளையை உங்கள் கல்லூரியில் ஆரம்பியுங்கள், பக்கத்துத் தொழிற்சாலையைப் போய்ப் பாருங்கள், சட்டசபைக்கு எழுதுங்கள் என்று காரியத்தைக் கையில் கொடுத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்க் கிளைகள் ஏற்பட்டன.

ஒரு மாணவி

1902-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மஸாசூஸெட்ஸ் ராஜ்யத்தில் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் கெல்லி பேசினார். கேட்டுக் கொண்டிருந்தவர்களில் ஒருத்தி கடைசி வருஷ மாணவி பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ். கட்டுப்பாடான குடும்பத்துப் பெண். ஏழ்மைக்குச் சோம்பலும் குடியுமே காரணம் என்று கேட்டு வளர்ந்தவள். சரித்திர ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய்ப் பார்த்து எழுதச் சொன்னதில் அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. கெல்லியின் பேச்சு மிச்சத்தையும் அசைத்து விட்டது. தம்முடைய வாழ்க்கை வேலை என்ன என்பது அன்றைக்குத்தான் முதலில் புலப்பட்டதாகப் பெர்க்கின்ஸ் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். 1910-ல் அவர் நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் காரியதரிசியானார்.

பிறர் வீட்டுப் பெண்களுக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போன தாய்க்கு ஒரு பெரும் அடி விழுந்தது. 1905-ல் மகள் மார்கரெட் ஸ்மித் கல்லூரியில் சேர்ந்தாள். படிப்புத் தொடங்கிய கையோடு இருதய நோயால் இறந்து போனாள். கெல்லி ஒடிந்து போனார். ஆனாலும் பிரசங்க மேடைக்குத் திரும்பினார். எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மகள் வயதுப் பெண்கள்.

கோர்ட்டும் தீயும்

பாட்டியின் சர்க்கரையைப் பற்றி எழுந்த பழைய சந்தேகம் இந்தச் சமயத்தில் சரியாகவே போயிற்று. முத்திரை ஒரு சில தொழிற்சாலைகளைத் திருத்தியது. கோட்டு, ரவிக்கை, தொப்பி என்ற மகா சமுத்திரத்தை அது தொடவே இல்லை. தொழிற்சங்கங்களோ தங்களுக்குச் சொந்த முத்திரை வைத்திருந்தன. இந்த முத்திரையை அவை விரும்பவில்லை. 1918-ல் வெள்ளை முத்திரை நிறுத்தப்பட்டது. வாங்குகிறவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, சட்டம் வேண்டும் என்பதைக் கெல்லி அதற்கு வெகு முன்பே உணர்ந்திருந்தார்.

ஆரகன் ராஜ்யத்தில் சலவைத் தொழிற்சாலை முதலாளி ஒருவர், பெண்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற சட்டத்தை எதிர்த்து அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். கெல்லியும் அவருடைய உதவியாளர் ஜோஸபைன் கோல்ட்மார்க்கும் வழக்கறிஞர் லூயி பிராண்டைஸைப் பிடித்தார்கள். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட மனுவில் சட்ட வாதம் இரண்டே பக்கம். மற்றதெல்லாம் நீண்ட நேர வேலை உடம்பை என்ன செய்கிறது என்பது பற்றிப் பல தேசத்து வைத்தியர்களும் இன்ஸ்பெக்டர்களும் தந்த ஆதாரங்கள். கோல்ட்மார்க்கும் துணைவர்களும் புத்தகசாலைகளில் தேடித் தொகுத்தவை அவை. 1908-ல் வழக்கு ஜெயித்தது. பெண் பலவீனமானவள் என்ற எண்ணத்தையும் அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது என்பதை மறைப்பதற்கில்லை. அதனால் பின்னாளில் சம உரிமை கோரிய பெண்களுக்கும் கெல்லிக்கும் கடும் சண்டை மூண்டது.

1909-ல் நியூயார்க்கில் ரவிக்கை தைக்கும் பெண்கள் இருபதினாயிரம் பேர் வேலை நிறுத்தம் செய்தபோது கல்லூரிப் பெண்களும் அவர்களோடு தெருவில் நின்றார்கள். 1911 மார்ச் 25-ம் தேதி, மாலை. டிரையாங்கிள் ரவிக்கைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோர் இளம் பெண்கள். பக்கத்தில் சிநேகிதி வீட்டில் தேநீர் அருந்திக் கொண்டிருந்த பெர்க்கின்ஸ் ஓடி வந்தார். மாடி ஜன்னல்களிலிருந்து பெண்கள் குதிப்பதைக் கண்ணால் பார்த்தார். மறு வருஷமே பெண்களுக்கு வாரம் 54 மணி நேர வேலைச் சட்டம் நியூயார்க் சட்டசபையில் நிறைவேற அவர் பாடுபட்டார்.

கெல்லியின் கை படாத நல்ல காரியம் அந்தக் காலத்தில் குறைவு. 1909-ல் நீக்ரோ மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். 1912-ல் பிறந்த மத்தியக் குழந்தைகள் இலாகா அவரும் லில்லியன் வால்டும் எழுப்பிய கோரிக்கை. 1916-ல் குழந்தைத் தொழிலுக்கு எதிராக மத்தியச் சட்டம் வந்தது. 1918-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளியது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை 1923-ல் தள்ளியது. 1924-ல் அரசியல் சட்டத்தையே திருத்தக் காங்கிரஸ் தீர்மானித்தது; போதிய ராஜ்யங்கள் ஒப்பவில்லை. அவரைச் சிவப்பு என்று ஏசினார்கள். வயது எழுபதை நெருங்கியது. அவர் ரயில் ஏறுவதை நிறுத்தவில்லை.

1932 பிப்ரவரி 17-ம் தேதி பிலடெல்பியாவில் கெல்லி அம்மையார் காலமானார்.

அடுத்த வருஷம் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். தொழிலாளர் மந்திரி பதவிக்கு அழைக்கப்பட்ட பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ், தாம் செய்ய விரும்பும் காரியங்களின் ஜாபிதாவை முதலில் அவர் முன் வைத்து, சம்மதம் பெற்ற பிறகே பதவியை ஏற்றார். வேலை நேரம், குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழில் ஒழிப்பு ஆகியவை அதில் இருந்தன. 1938-ல் சட்டம் வந்தது. மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. வாரத்துக்கு 44 மணி, இரண்டு வருஷத்தில் 40 மணி. சட்டத்துக்கு உட்பட்ட தொழில்களில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பொதுவாக இடமில்லை. வழக்கம்போல அதுவும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1941-ல் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே முகமாக அது செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள்; 1918-ம் வருஷத்துத் தீர்ப்பையும் ரத்து செய்தார்கள். கெல்லி அம்மையார் இறந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.